கார்கள் வராத கரைகள்: டெர்வென்ட் அணைகளைச் சுற்றி சைக்கிளில்

ஷெஃபீல்டிலிருந்து மான்செஸ்டருக்குப் போகும் ரயிலில் ஏறி, அரை மணி நேரத்துக்குள் பேம்ஃபோர்ட் என்னும் சிறிய நிலையத்தில் இறங்கிவிட்டால், அதன்பின் அன்றைய பொழுது முழுவதும் கார்களின் இரைச்சல் ஏறக்குறைய இல்லாமலேயே மூன்று நீர்த்தேக்கங்களையும் அவற்றைச் சூழ்ந்த குன்றுகளையும் சைக்கிளில் சுற்றி வரலாம். 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பீக் டிஸ்ட்ரிக்டுக்குள் அடங்கிய மேல் டெர்வென்ட் பள்ளத்தாக்கு அது. மேலிருந்து கீழாக ஹவ்டன், டெர்வென்ட், லேடிபவர் என்று மூன்று அணைகள் ஒரே ஆற்றின் மீது அடுத்தடுத்து நிற்கின்றன. இந்த நாட்டுக்குக் குடிவந்த பிறகு நான் மீண்டும் மீண்டும் போய்வரும் இடம் இதுதான். எந்தப் பாதையில் போக வேண்டும், எந்த சைக்கிள் வேண்டும் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன். பாதையைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். இங்குள்ள அமைதி தானாக அமைந்ததன்று. ரயில் போட்டவர்களும், நிலம் வாங்கியவர்களும், சட்டம் எழுதியவர்களும், வார இறுதியில் சாலையை மூடுபவர்களும் சேர்ந்து உண்டாக்கிய அமைதி அது. அதை அறிந்துகொண்டு ஓட்டும்போது ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் தெரிகிறது.

முதலில் ரயில். டெர்பி, லெஸ்டர், நாட்டிங்ஹாம், ஷெஃபீல்ட் ஆகிய நகரங்கள் தொழிற்சாலைகளாலும் மக்கள் பெருக்கத்தாலும் தண்ணீருக்குத் தவித்த காலத்தில், 1899ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி டெர்வென்ட் பள்ளத்தாக்கு நீர் வாரியம் அமைக்கப்பட்டது. ஹவ்டன் அணையின் வேலை 1901இல் தொடங்கி 1912இல் முடிந்தது. டெர்வென்ட் அணை 1902இல் தொடங்கி 1916இல் முடிந்தது. இரண்டும் கல்லால் கட்டப்பட்ட அணைகள். அவற்றுக்குத் தேவைப்பட்ட பத்து லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கல்லை கிரிண்டில்ஃபோர்ட் அருகேயுள்ள போல் ஹில் கல்குவாரியில் வெட்டி, பொது ரயில் பாதை வழியாக பேம்ஃபோர்ட் வரை கொண்டுவந்தார்கள். அங்கிருந்து பள்ளத்தாக்கின் உச்சி வரை வாரியமே தனக்கென்று ஒரு ரயில் பாதை போட்டுக்கொண்டது. அணை வேலை முடிந்ததும் தண்டவாளங்களைக் கழற்றிவிட்டார்கள். பின்னர் லேடிபவர் அணைக்காக அதன் கீழ்ப்பகுதியை மீண்டும் போட்டு, மீண்டும் கழற்றினார்கள். தண்டவாளம் போனாலும் அதற்காக வெட்டிய மேடும் பள்ளமும் அப்படியே இருந்தன. இன்று நாம் முதலில் ஏறும் தார்ன்ஹில் டிரெயில் என்ற பாதை அந்த ரயில் கிடந்த தடம்தான்.

கல் சுமந்த ரயில் செங்குத்தாக ஏறாது. ஆகவே அதன் தடமும் ஏறுவது தெரியாமல் ஏறுகிறது. இரு புறமும் மரங்கள் கூடாரமாகக் கவிந்திருக்க, நுண்ணிய சரளையும் காய்ந்த இலையும் கலந்த தரையில் டயர் உருளும் ஓசை மட்டும் கேட்கும். சைக்கிள் ஓட்டிப் பழகாதவர்களும் பேசிக்கொண்டே போகலாம். இதே கதை வேல்ஸில் உள்ள ஈலன் பள்ளத்தாக்கிலும் உண்டு. 1893இல் தொடங்கி 1904இல் ஏழாம் எட்வர்ட் மன்னர் திறந்துவைத்த அணைகளுக்காக பர்மிங்ஹாம் நகராட்சி போட்ட ரயில் தடத்தின் மேல்தான் இன்று ஈலன் வேலி டிரெயில் என்னும் சைக்கிள் பாதை செல்கிறது. அணை கட்டுவதற்கு ரயில் வேண்டும், ரயிலுக்குச் சீரான சரிவு வேண்டும், அந்தச் சரிவு நூறு ஆண்டு கழித்து நம் முழங்கால்களுக்கு உதவுகிறது. பிரிட்டனில் நீர்த்தேக்கக் கரைகளில் இவ்வளவு நல்ல சரளைப் பாதைகள் இருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

தார்ன்ஹில் தடம் முடியும் யார்க்‌ஷைர் பிரிட்ஜ் என்ற குடியிருப்பிலிருந்து பார்த்தால் லேடிபவர் அணை ஒரு பெரிய பச்சைச் சரிவாகத் தெரியும். மற்ற இரண்டையும் போல இது கல்லணை அன்று; நடுவில் களிமண் வைத்துக் கட்டிய மண்ணணை. 1935இல் தொடங்கி 1943இல் முடிந்த இதை 1945 செப்டம்பர் 25 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னர் திறந்துவைத்தார். அணைக்குப் பின்னால் நீர்ப்பரப்பில் இரண்டு பெரிய வட்டக் கிணறுகள் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 24 மீட்டர் குறுக்களவு கொண்டது. நீர்மட்டம் விளிம்பைத் தொட்டதும் தண்ணீர் நாலாபுறமும் உள்ளே விழுந்து, அணையின் அடியால் போய் ஆற்றில் சேரும். கோடையில் அவை வறண்ட கல் வளையங்களாக நிற்கும். மழைக்காலத்தில் நிரம்பி வழியும்போது, அந்த வட்டத்தின் விளிம்பில் தண்ணீர் மெல்லிய கண்ணாடித் தகடுபோல வளைந்து, பிறகு படிப்படியாக வெள்ளை நுரையாகக் கலைந்து, உள்ளே இருட்டில் மறைவதை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுக்காது. காரில் வருபவர்கள் ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு ஒரு வாழைப்பழம் தின்று முடிக்கும் வரையாவது அங்கே நில்லுங்கள்.

இந்த நீருக்கு அடியில் ஆஷப்டன், டெர்வென்ட் என்று இரண்டு ஊர்கள் இருந்தன. டெர்வென்ட் தேவாலயத்தின் கல்லறைகளில் கிடந்தவர்களைத் தோண்டியெடுத்து பேம்ஃபோர்டில் மறுபடியும் அடக்கம் செய்தார்கள். தேவாலயத்தின் கோபுரம் மட்டும் சில ஆண்டுகள் தண்ணீருக்கு மேல் நின்றது. 1947 டிசம்பரில் அதையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1976, 1995, 2018, 2022 போன்ற வறட்சி ஆண்டுகளில் ஊரின் சுவர்க் கற்கள் வெளியே வந்தன. அப்போதெல்லாம் அவற்றைப் பார்க்கக் கூட்டம் திரண்டது. சேற்றில் இறங்கிச் சிக்கிக்கொண்டவர்களை மீட்புக் குழுவினர் இழுத்துக் காப்பாற்ற வேண்டியும் வந்தது. கரையோரத் தடத்திலிருந்தே பார்ப்பது போதுமானது. அந்த ஊர்களில் வாழ்ந்தவர்களின் வீடுகளையும் வயல்களையும் விலையாகக் கொடுத்துத்தான் நாம் ஓட்டுகிற இந்தக் கரை உண்டாயிற்று என்பதை நான் ஒருபோதும் மறந்து ஓட்டுவதில்லை.

யார்க்‌ஷைர் பிரிட்ஜிலிருந்து அணையின் மேற்கு முனைக்கு ஏறும் சிறு சரிவு மூச்சு வாங்க வைக்கும். அதற்கு மேல் வின் ஹில் குன்றின் அடிவாரத்தில், நீர்த்தேக்கத்தின் தென்கரையை ஒட்டி, மரங்களுக்கு இடையே ஒரு காட்டுத் தடம் மேற்கு நோக்கிப் போகிறது. எதிர்க்கரையில் ஸ்நேக் பாஸ் என்று பெயர் பெற்ற ஏ57 சாலையில் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் கரையில் ஒரு வண்டி இராது. இடையில் இருப்பது சில நூறு மீட்டர் தண்ணீர் மட்டுமே. தடத்தின் தரை ஒரே மாதிரியாக இராது. ஓரிடத்தில் மரம் ஏற்றும் வண்டிகள் அழுத்திய கெட்டியான சரளை. அடுத்த வளைவில் பைன் ஊசிகள் மெத்தையாகக் கிடக்கும் மண். அதற்கும் அப்பால் மழைநீர் அரித்து வெளியே கொண்டுவந்த, கைப்பிடி அளவுள்ள மணற்பாறைத் துண்டுகள். இந்தப் பாறைக்கு கிரிட்ஸ்டோன் என்று பெயர். சொரசொரப்பானது, ஈரமாக இருந்தாலும் டயரை ஓரளவு பிடித்துக்கொள்ளும், அதே சொரசொரப்பு டயரின் பக்கச் சுவரையும் கிழிக்கும்.

ஆகவே சைக்கிளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிராவல் பைக் என்று விற்கப்படுவது, பந்தய சைக்கிளைப் போல வளைந்த கைப்பிடியும், அதைவிட அகலமான டயரும், டிஸ்க் பிரேக்கும் கொண்ட வண்டி. இந்தப் பள்ளத்தாக்கில் 40 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயர் கைகளைச் சோர்வடையச் செய்யும். 45 இருந்தால் நிம்மதி. டியூப் இல்லாத டயருக்குள் பால் போன்ற அடைப்புத் திரவத்தை ஊற்றி வைத்துக்கொண்டால் முள்ளாலும் கூர்கல்லாலும் விழும் சிறு துளைகள் தாமாகவே அடைந்துவிடும், காற்றையும் குறைவாக வைத்துக்கொள்ளலாம். என் எடைக்கு 30 முதல் 35 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் சரியாக இருக்கிறது. கியரில் முன் பற்சக்கரத்தின் பற்களுக்கு இணையாகவோ அதிகமாகவோ பின்னால் பற்கள் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்து வரும் லாக்கர்புரூக் ஏற்றத்தில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். புதிதாக வாங்குவதற்கு முன், வீட்டில் பழைய மலை சைக்கிள் இருந்தால் அதையே எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். விலையுயர்ந்த வண்டி இந்தப் பாதைக்குத் தேவையில்லை. நல்ல பிரேக்கும் நல்ல டயரும் தேவை.

தென்கரைத் தடம் ஆஷப் ஆற்றைக் கடந்து ஏ57 சாலையில் ஏறுகிறது. முழுச் சுற்றிலும் மிகுந்த எச்சரிக்கை வேண்டிய இடங்களில் இது ஒன்று. வளைவைத் தாண்டி வேகமாக வரும் வண்டிகள் நம்மைப் பார்ப்பதற்குள் நெருங்கிவிடும். இறங்கி, இருபுறமும் பார்த்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடப்பது நல்லது. கடந்ததும் ஹாக் சைட் என்ற சரிவில் ஏற்றம் தொடங்குகிறது. கல் பாவிய தடம், பிறகு மரக்கூட்டம், பிறகு திறந்த புல்வெளி. லாக்கர்புரூக் பண்ணைக்கு அருகே மேட்டின் உச்சிக்கு வந்தபின் கிழக்கே திரும்பிப் பார்த்தால் டெர்வென்ட் எட்ஜ் என்னும் கருங்கோடு போன்ற பாறை விளிம்பு முழுவதும் தெரியும், கீழே நீர். ஆகஸ்டில் அந்த மேட்டு நிலம் முழுவதும் ஹெதர் என்னும் குறுஞ்செடி பூத்து ஊதா நிறமாக இருக்கும். ஏறிய களைப்பு அந்த இடத்தில் தீர்ந்துவிடுகிறது என்று நான் சொன்னால் அது மிகையாகாது.

அங்கிருந்து இறங்கினால் டெர்வென்ட் நீர்த்தேக்கத்தின் மேற்குக் கரைச் சாலை. இது தார்ச்சாலை. ஃபேர்ஹோம்ஸ் என்ற பார்வையாளர் மையத்திலிருந்து பள்ளத்தாக்கின் தலைப்பகுதி வரை ஏறக்குறைய 8 கிலோமீட்டர் போகும் இந்தச் சாலையை, ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறைகளிலும், கோடைப் பருவத்தில் சனிக்கிழமைகளிலும் மோட்டார் வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள். மூடுவதற்குத் தேவைப்படுவது ஒரு கதவு. அந்த ஒரு கதவால் சாலையின் இயல்பே மாறிவிடுகிறது. சக்கர நாற்காலியில் வருபவர்கள், பின்னால் குழந்தை வண்டியை இணைத்துக்கொண்டு மிதிக்கும் தாய்மார்கள், இரண்டு சக்கரத்தில் முதன்முறையாகச் சமநிலை பிடிக்கும் சிறுவர்கள், தண்ணீர் பாட்டிலோடு மெதுவாக நடக்கும் முதியவர்கள் எல்லோரும் சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள். யாரும் யாரையும் ஒதுங்கச் சொல்லி ஒலி எழுப்புவதில்லை. சாலையை அகலப்படுத்துவதற்கும் தடுப்புச் சுவர் வைப்பதற்கும் ஆகும் செலவை நினைத்தால், இவ்வளவு பேருக்கு இவ்வளவு மகிழ்ச்சியைத் தரும் வேறு மலிவான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சாலையோரத்தில் மரங்களுக்கு நடுவே படிப்படியாகச் சமப்படுத்திய நிலம் தெரியும். அதுதான் பிர்ச்சின்லீ இருந்த இடம். முதல் இரண்டு அணைகளைக் கட்டிய தொழிலாளர்களுக்காகவும் அவர்களுடைய குடும்பங்களுக்காகவும் நெளிதகரத்தால் அமைத்த ஊர். ஆகவே மக்கள் அதைத் தகர ஊர் என்றே அழைத்தார்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, அஞ்சலகம், கடைகள், குளியலறைகள், கேளிக்கை மண்டபம், ரயில் நிற்கும் மேடை எல்லாம் இருந்த அந்த ஊரில் தொள்ளாயிரம் பேர் அளவுக்கு வாழ்ந்தார்கள். அதற்கு முன்பெல்லாம் இத்தகைய வேலைகளில் தொழிலாளர்கள் சேற்றில் குடிசை போட்டு நோயில் மடிவது வழக்கமாக இருந்ததால், இப்படி ஒழுங்கான குடியிருப்பு அமைத்தது அந்தக் காலத்தில் பெரிய முன்னேற்றம். வேலை முடிந்ததும் ஊரையே பிரித்து எடுத்துவிட்டார்கள். ஒரு தகரக் கட்டடம் மட்டும் ஹோப் கிராமத்துக்கு இடம்பெயர்ந்து நிலைத்தது. பிர்ச்சின்லீயில் நின்று பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிவது பாசி படிந்த அடித்தளங்களும் ஒரு அறிவிப்புப் பலகையும்தான். ஆனால் அணையைப் பார்த்து வியந்தவர்கள் இங்கேயும் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தக் கல்லை அடுக்கிய கைகள் இங்கேதான் இரவில் இளைப்பாறின.

மேற்குச் சாலை கிங்ஸ் ட்ரீ என்னும் இடத்தில் முடிகிறது. லேடிபவரைத் திறந்துவைத்த நாளில் ஆறாம் ஜார்ஜ் நட்ட ஓக் மரம் அங்கே நிற்கிறது. தார் முடிந்து தடம் தொடங்குவதும் அங்கேதான். பள்ளத்தாக்கு ஒடுங்கி, ஆறு வெறும் ஓடையாகி, ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் என்ற இடத்தில் ஒரு சிறிய கல்பாலத்தின் கீழ் ஓடுகிறது. பொதி சுமந்த குதிரைகளுக்காக 17ஆம் நூற்றாண்டில் கட்டிய அந்தப் பாலம் முதலில் இங்கே இருந்ததன்று. மூழ்கிய டெர்வென்ட் ஊரில் இருந்தது. ஊர் மூழ்குவதற்கு முன் அதன் கற்களை ஒவ்வொன்றாக எண் குறித்துக் கழற்றி வைத்து, 1959இல் இங்கே மறுபடி கட்டினார்கள். குதிரையின் முதுகில் இருபுறமும் தொங்கும் மூட்டைகள் இடிக்காமல் இருப்பதற்காகவே கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருக்கிறது. சைக்கிளை அதன்மேல் சாய்த்துவிட்டு ஓடையில் காலை நனைத்தால் கோடையிலும் எலும்பு குளிரும்.

இங்கிருந்து வடகிழக்கே கட் கேட் என்ற பழைய பாதை மேட்டு நிலத்தைத் தாண்டி லாங்செட் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. மலை சைக்கிள்காரர்கள் கொண்டாடும் பாதை அது; நன்றாகக் காய்ந்த கோடையில் கிராவல் பைக்கிலும் போகலாம். ஆனால் மேலே இருப்பது பீட் என்னும் கரிமண், அதாவது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாசியும் புல்லும் மக்கிச் சேர்ந்த ஈரமான கறுப்பு நிலம். ஒரு முறை சக்கரம் ஆழமாகப் பதிந்தால் அந்தச் சால் வழியே மழைநீர் ஓடி மண்ணை அரித்துக்கொண்டே போகும். அந்தப் பாதையின் மோசமான சதுப்புப் பகுதியைச் சீர்செய்வதற்கு மலையேறுவோரும் சைக்கிள் ஓட்டுவோரும் சேர்ந்து பொதுமக்களிடம் நிதி திரட்டி வேலையை நடத்தி முடித்தார்கள். அவ்வளவு பாடுபட்டுச் சீர்செய்ததை மழைக்காலத்தில் நாம் போய் உழுதுவிடக் கூடாது. ஈரமான மாதங்களில் கரையோரச் சரளையோடு நின்றுகொள்வதுதான் முறை. குளிர்காலத்தில் மேட்டு நிலத்தின் ஓரமாகக் கவனித்தால் வெள்ளை நிறத்துக்கு மாறிய மலை முயல்களைக் காணலாம். இங்கிலாந்தில் அவை வாழ்வது பீக் டிஸ்ட்ரிக்டில் மட்டும்தான்.

திரும்பும் வழி கிழக்குக் கரை. மூன்று அணைகளையும் சுற்றும் பாதையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பகுதி. ஆண்டின் எந்த நாளிலும் இதில் பொதுமக்களின் கார் வராது. அகலமான கல் தடம், ஒரு பக்கம் ஹவ்டன் நீர்த்தேக்கம், மறுபக்கம் மேட்டு நிலத்திலிருந்து இறங்கும் புல்லும் பிரேக்கன் என்னும் பெரணியும். ஹவ்டன் அணையைத் தாண்டியதும் அபே புரூக் என்ற ஓடைக்காகத் தடம் உள்ளே வளைந்து போய் மீண்டும் கரைக்கு வருகிறது. மூடிய கதவுகள் குறுக்கே வரும். திறந்து, கடந்து, மறுபடியும் தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்கும் வரை மூட வேண்டும். செம்மறியாடுகள் வெளியேறிவிட்டால் அவற்றைத் தேடிப் பிடிக்க அந்த மேய்ப்பருக்கு அரை நாள் ஆகும்.

டெர்வென்ட் அணையில் கட்டாயம் இறங்குங்கள். ஏறக்குறைய 35 மீட்டர் உயரமும் 340 மீட்டர் நீளமும் கொண்ட அந்தக் கற்சுவரின் இருபுறமும் கோட்டைக் கொத்தளம் போன்ற இரண்டு கோபுரங்கள். நீர்த்தேக்கம் நிரம்பியிருக்கும் குளிர்கால நாட்களில் தண்ணீர் அணையின் முகப்பு முழுவதும் வழிந்து இறங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே வெள்ளைத் திரை. அடிவாரத்துக்கு வந்து கூர்ந்து பார்த்தால், கொத்தாமல் விட்ட கற்களின் ஒவ்வொரு புடைப்பிலும் தண்ணீர் மோதி எழும்பி, அடுத்த வரிசைக் கல்லில் விழுந்து, மறுபடியும் எழும்புவது தெரியும். சாரல் முகத்தில் படும், காலடித் தரை மெல்ல அதிரும். ஜெர்மனியின் அணைகளிலும் இத்தகைய கோபுரங்கள் இருந்ததால்தான், அவற்றைத் தாக்குவதற்கு 1943இல் பயிற்சி எடுத்த விமானப்படையின் 617ஆவது பிரிவு இந்த நீர்ப்பரப்பின் மேல் மிகத் தாழ்வாகப் பறந்து பழகியது. அணையின் மேற்குப் பக்கத்தில் டிப் என்ற நாய்க்கு ஒரு சிறு நினைவுக்கல் இருக்கிறது. 1953 டிசம்பரில் ஹவ்டன் மேட்டு நிலத்தில் இறந்துபோன ஜோசப் டாக் என்னும் முதிய மேய்ப்பரின் உடலுக்கு அருகிலேயே, அடுத்த மார்ச்சில் கண்டுபிடிக்கப்படும் வரை, 15 வாரங்கள் கடுங்குளிரில் காத்துக் கிடந்த நாய் அது.

இப்போது சட்டம். இங்கிலாந்தின் கிராமப்புறப் பாதைகள் எல்லாவற்றிலும் சைக்கிள் ஓட்டிவிட முடியாது. நடைபாதை என்று பதிவானவற்றில் நடப்பவர்களுக்கு மட்டுமே உரிமை. பிரைடில்வே எனப்படும் குதிரைப் பாதைகளில் சைக்கிளுக்கு உரிமை கிடைத்தது 1968ஆம் ஆண்டின் கிராமப்புறச் சட்டத்தால்தான். அதிலும் நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. 2000ஆம் ஆண்டுச் சட்டம் மேட்டு நிலங்களில் தடையின்றி உலவும் உரிமையைத் தந்தபோதும் அது கால்நடையாகச் செல்பவர்களுக்கே தரப்பட்டது. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் சைக்கிளையும் சேர்த்துக்கொண்டது. இங்கும் அப்படி வர வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். வரும்வரை, கம்பத்தில் உள்ள அம்புக்குறியைப் பாருங்கள்: மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு, நீலம் என்றால் நமக்கும்.

வழிவிடுவது என்றால் என்ன என்பதை என் அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது கிழக்குக் கரையில் கற்றுக்கொண்டாள். எதிரே இரண்டு குதிரைகள் வந்தன. அவள் மணியை அடிக்கப் போனாள். “மணி அடிக்காதே பாப்பா, இறங்கி ஓரமா நில்லு. ஒரு வணக்கம் சொல்லு, போதும்” என்றேன். “குதிரைக்கா சித்தப்பா வணக்கம் சொல்லணும்?” என்று கேட்டாள். “மேலே இருக்கிறவங்களுக்குத்தான். ஆனா உன் குரலைக் கேட்டாத்தான் நீயும் மனுஷின்னு குதிரைக்குத் தெரியும்” என்றேன். உண்மையும் அதுதான். ஓசையில்லாமல் உருண்டு வரும் சைக்கிளைக் குதிரை ஒரு மிருகமாக நினைத்து மிரளக்கூடும். மனிதக் குரல் கேட்டால் அமைதியாகிவிடும். குதிரைகளின் மேல் இருந்த இரண்டு பெண்களும் நன்றி சொல்லிக் கடந்து போனார்கள். சைக்கிள்காரர்கள் மீது நடப்பவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் உள்ள நல்லெண்ணம் இப்படி ஒவ்வொரு சந்திப்பிலும்தான் வளரும் அல்லது கெடும். பாதைகளைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்கும்போது நமக்குக் கைகொடுக்கப்போவதும் அந்த நல்லெண்ணமே.

டெர்வென்ட் அணையிலிருந்து தெற்கே, பழைய ஊரின் பெயரைத் தாங்கிய சந்தின் வழியாக லேடிபவரின் கிழக்குக் கரைக்கு வந்து, ஆஷப்டன் வயடக்ட் என்னும் நீண்ட சாலைப் பாலம் வரை அமைதியாகப் போகலாம். அதன்பின் சிறிது தூரம் வாகனச் சாலையின் ஓரமாகப் போயே தீர வேண்டும். சுற்றின் மிகப் பெரிய குறை இதுதான். பழக்கமில்லாதவர்களும் குழந்தைகளோடு வருபவர்களும் இந்தத் துண்டைத் தவிர்த்துவிட்டு, மேலே உள்ள இரண்டு நீர்த்தேக்கங்களை மட்டும் சுற்றினால் 16 கிலோமீட்டர் அளவில் ஒரு நல்ல அரைநாள் பயணம் கிடைக்கும். ஃபேர்ஹோம்ஸில் தேநீரும் கேக்கும் கிடைக்கும்; அதைத் தாண்டினால் சுற்று முடிந்து திரும்பும் வரை ஒன்றும் கிடைக்காது, கைபேசிக்கு அலைவரிசையும் பல இடங்களில் இராது. எங்கள் வீட்டில் புளிச்சாதமும் பொரித்த உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு போய் ஸ்லிப்பரி ஸ்டோன்ஸில் சாப்பிடுவோம். கோடையிலும் ஒரு மழைச்சட்டை இருக்கட்டும். மேகம் ப்ளீக்லோ மேட்டின் மேலிருந்து இறங்க ஆரம்பித்தால் வானிலை மாறச் சற்று நேரம் போதும்.

என் ஆசை ஒன்று உண்டு. மேற்குச் சாலையில் இப்போது வார இறுதிகளுக்கும் விடுமுறைகளுக்கும் உள்ள தடை, பள்ளிகளின் கோடை விடுமுறை முழுவதற்கும், முடிந்தால் ஆண்டு முழுவதற்கும் நீள வேண்டும். நடக்க இயலாதவர்களுக்காக ஃபேர்ஹோம்ஸிலிருந்து கிங்ஸ் ட்ரீ வரை ஒரு சிறு பேருந்து ஓடினால் போதும். அங்கே வீடு வைத்திருப்பவர்களுக்கும் பண்ணைக்காரர்களுக்கும் வழக்கம்போல் அனுமதி இருக்கலாம். செவ்வாய்க்கிழமை அன்று வரும் குழந்தைக்கும் ஞாயிற்றுக்கிழமை வரும் குழந்தைக்குக் கிடைக்கும் சாலை கிடைக்க வேண்டும். தேசியப் பூங்காவின் போக்குவரத்துத் திட்டங்கள் பொதுமக்களின் கருத்துக்கு வைக்கப்படும்போதெல்லாம் இதை நான் எழுதி அனுப்புகிறேன். பீக் டிஸ்ட்ரிக்டுக்கு வந்துபோகும் தமிழ்க் குடும்பங்களும் எழுதலாம். கருத்துச் சொல்ல அங்கே குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முதன்முறையாக வருபவர்கள் ஒரு ஞாயிறு காலை ஒன்பது மணிக்குள் ஃபேர்ஹோம்ஸில் இருக்கும்படி கிளம்புங்கள். மேற்குச் சாலையில் போய் கிழக்குக் கரையில் திரும்புங்கள். தார்ச்சாலையில் உடல் சூடேறிய பிறகு கல் தடம் வருவது எளிதாக இருக்கும். சின்னக் குழந்தைகள் இருந்தால் ஹவ்டன் அணை தெரியும் வளைவு வரை போய்விட்டு வந்த வழியே திரும்பலாம். ரயிலில் சைக்கிள் வைக்க இடம் குறைவு. மாலை வண்டிக்காக பேம்ஃபோர்ட் நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடுங்கள்.